25 ஆயிரத்துக்குள்ள கிராபிக்ஸ் கார்டு, 1050 டிஐ-க்கு அடுத்து எது? கடலூர் பாண்டி ஆளுங்க வந்து சொல்லுங்க

செம்மண்டலம்_ஸ்னைப்பர்:
வணக்கம் மக்களே. 2020 கடைசில அசெம்பிள் பண்ண சிஸ்டம், ஐ5 10400எஃப், ஹெச்410 போர்டு, 8 ஜிபி ராம் ஒரே ஸ்டிக்கு, 1050 டிஐ 4 ஜிபி, 22 இன்ச் மானிட்டர் 1080பி 75 ஹெர்ட்ஸ். வேலரன்ட் ஓடுது அதுல பிரச்சன இல்ல, ஆனா எல்டன் ரிங் லோ செட்டிங்ல வெச்சும் திக்கித் திக்கி ஓடுது, சைபர்பங்க் பத்தி பேசவே வேணாம், இண்டியானா ஜோன்ஸ் கேம ராத்திரி பூரா டவுன்லோட் போட்டு காலைல ஓப்பன் பண்ணா இந்த கார்டுல ரே டிரேசிங் (வெளிச்சம் நெழல நெஜம் மாதிரி கணக்குப் போட்டு காட்டற வசதி) இல்லன்னு தொறக்கவே மாட்டேங்குது. கைல 25 ஆயிரம் இருக்கு, அதுக்கு மேல ஒரு ரூவா கெடையாது. கடைல கேட்டா என்விடியா 3050 எடுத்துக்கங்கன்றாங்க, யூட்யூப்ல ஏஎம்டி 6600-ன்றாங்க, ஃப்ரெண்டு இன்டெல் ஆர்க்-ன்றான். தங்கச்சி பாண்டில படிக்கிறா, லீவுல வந்தா இதே சிஸ்டத்துல பிளெண்டர்ங்கற 3டி சாஃப்ட்வேர் போட்டு ஏதாவது செஞ்சிட்டு இருப்பா, அதுக்கும் ஒதவுற மாதிரி இருந்தா நல்லது. எத வாங்கலாம்?

பழைய_சிபியு:
தம்பி எல்லாம் சொன்னீங்க, எஸ்எம்பிஎஸ், அதான் சிஸ்டத்துக்கு கரண்டு குடுக்கற பெட்டி, அது பத்தி ஒரு வார்த்த இல்ல. சைடு பேனல கழட்டுங்க. ஸ்டிக்கர்ல 12 வோல்ட்டுக்கு நேரா எத்தன ஆம்ப்ஸ் போட்டிருக்கு, கார்டுக்கு தனியா கரண்டு குடுக்கற 6+2 பின் ஒயர் வருதா, கேபினட்ல கார்டு நீளத்துக்கு எவ்ளோ எடம் இருக்கு. மூணையும் சொல்லுங்க. அதுக்கப்பறம் கார்டு பேரு பேசலாம்.

நியான்_நைட்:
ப்ரோ 8 ஜிபி கார்டெல்லாம் இப்ப வாங்குறது வேஸ்ட்டு. இன்னும் கொஞ்சம் சேத்து ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி போடுங்க, அஞ்சு வருசத்துக்கு திரும்பிப் பாக்க வேணாம்.

சிப்காட்_ஷிப்ட்:
25-க்கு மேல ஒரு ரூவா இல்லன்னு ஆளு எழுதியிருக்காரு. நீ அந்த மிச்சத்த ஜிபே பண்ணு, அவரு 9060 எக்ஸ்டி வாங்கிக்கட்டும். எந்த இழைக்குப் போனாலும் "இன்னும் கொஞ்சம் சேத்து"ன்னு ஒருத்தன் வந்துடுறான்.

செம்மண்டலம்_ஸ்னைப்பர்:
😂
அண்ணா பாத்துட்டேன். மேல பெருசா 450 வாட்னு போட்டிருக்கு, கம்பெனி பேரு நான் கேள்விப்பட்டதே இல்ல. 12 வோல்ட்டுக்கு நேரா 16 ஆம்ப்ஸ். 6+2 ஒயர் இல்ல, நாலு பின் வெள்ள கனெக்டர் ரெண்டு சும்மா தொங்குது. எடம் ஸ்கேல் வெச்சு அளந்தேன் 27 சென்டிமீட்டர் வருது.

பழைய_சிபியு:
நெனச்சேன். 12ஐயும் 16ஐயும் பெருக்குங்க, 192 வருது. ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் இழுக்கறது எல்லாமே அந்த 12 வோல்ட்டு லைன்லதான், ஆக உங்க 450 வாட்டு பெட்டி நெஜத்துல வேலைக்கு குடுக்கறது 192 வாட்டு, அதுவும் ஸ்டிக்கர நம்பினா. மிச்சத்த 5 வோல்ட்டு 3.3 வோல்ட்டுனு அங்கங்க கூட்டிப் போட்டு கணக்கு காட்டியிருக்கான், இன்னிக்கு சிஸ்டத்துக்கு அது எதுக்கும் ஒதவாது.

1050 டிஐ மொத்தமா 75 வாட்டுதான் எடுக்கும், அத ஸ்லாட்டே குடுத்துரும், அதனால இத்தன வருசம் தாக்குப்புடிச்சிருக்கு. ஆனா ஆர்எக்ஸ் 6600 132 வாட்டு, ஆர்டிஎக்ஸ் 4060 115 வாட்டு, 3060 170 வாட்டு, எல்லாத்துக்கும் தனியா ஒயர் சொருகணும். 8 பின்னு ஒயர்ல 150 வாட்டு வரைக்கும் வரும்னு கணக்கு. கடைல உடனே என்ன சொல்வாங்கன்னா அந்த வெள்ள கனெக்டர் ரெண்ட ஒண்ணாக்கி 8 பின்னா மாத்துற அடாப்டர் நூறு நூத்தம்பதுக்கு இருக்கு சார்னு நீட்டுவாங்க. அத கைலயே தொடாதீங்க. ஒயரு கன்னா பின்னான்னு சூடேறும், மொதல்ல கனெக்டர் பிளாஸ்டிக் உருகும், அப்பறம் எது போவும்னு சொல்ல முடியாது.

அதனால உங்க பட்ஜெட்டு 25 இல்ல. 550 வாட்டு, 80 பிளஸ் பிரான்ஸ் (கரண்ட வீணாக்காததுக்கான தரச் சான்று), கோர்சேரோ டீப்கூலோ கூலர் மாஸ்டரோ ஏதாவது ஒண்ணுக்கு நாலு நாலரை ஒதுக்கி வெச்சிட்டு மிச்சத்துல கார்டு பாருங்க. ராமும் ஒரே ஸ்டிக்குன்றீங்க, இன்னொரு 8 ஜிபி போட்டு டூயல் சேனல் (ரெண்டு ஸ்டிக்கும் சேந்து வேகமா ஓடறது) ஆக்கணும், அதுக்கும் காசு வேணும்.

நெல்லிக்குப்பம்_நூப்:
அண்ணா எஸ்எம்பிஎஸ்ஸே மாத்த வேணாம்னா 3050 6 ஜிபி போடலாம்ல? 70 வாட்டுதான், ஒயரே வேணாம், பழச எடுத்துட்டு இத சொருகினா முடிஞ்சுது. நான் அதான் வெச்சிருக்கேன், ஆபீஸ் டெல் சிஸ்டம் ஒண்ணுல போட்டு ஜம்முனு ஓடுது.

பழைய_சிபியு:
உங்க சிஸ்டத்துக்கு அது சரியான கார்டுதான், டெல்லு மாதிரி பெட்டில எஸ்எம்பிஎஸ் மாத்தறது பெரிய தலவலி. ஆனா ஒண்ணு எல்லாரும் தெரிஞ்சுக்கங்க, 3050னு ரெண்டு கார்டு இருக்கு. 2022 ஜனவரில வந்தது 8 ஜிபி, மெமரிக்குப் போற வழியோட அகலம் 128 பிட்டு, 130 வாட்டு. 2024 பிப்ரவரில வந்த 6 ஜிபி வெறும் 96 பிட்டு, உள்ள இருக்கற கோரும் கம்மி. பேரு ஒண்ணு கார்டு வேற. கடைல "3050 சார்"னு சொன்னா எந்த 3050னு கேளுங்க. 6600 இந்த 6 ஜிபிய விட ஏறக்கொறைய ஒன்ற மடங்கு வேகம், அதனால எஸ்எம்பிஎஸ் மாத்த முடியறவங்க நாலாயிரம் மிச்சம் பண்றேன்னு இதுல போயி நிக்க வேணாம்.

ப்ளூடீம்_பாண்டி:
ஏன் எல்லாரும் என்விடியா பச்ச, ஏஎம்டி செவப்புன்னே பேசறீங்க. ஆர்க் பி580 பாருங்கப்பா, 12 ஜிபி, 192 பிட்டு, 2024 டிசம்பர்ல 249 டாலருக்கு வந்தப்ப அந்த வெலைல வேற எவனும் 12 ஜிபி குடுக்கல. 4060-க்கு சமமா சில கேம்ல மேலயும் போவுது. கொஞ்சம் தேடினா 25 பக்கத்துல கெடைக்கும்.

ஃப்ரேம்டிராப்_ஃபாதர்:
கார்டு நல்ல கார்டுதான் நானும் ஒத்துக்கறேன், ஆனா இவருக்கு வேணாம். ஆர்க்குக்கு ரீசைசபிள் பார் (ப்ராசஸர் கார்டு மெமரிய மொத்தமா ஒரே நேரத்துல அணுகற வசதி) கட்டாயம், அது இல்லாம போட்டா பாதி வேகம் கூட வராத கேமெல்லாம் இருக்கு. ஹெச்410 போர்டு நெறயத்துக்கு அப்பறமா பயாஸ் அப்டேட்ல அந்த ஆப்ஷன் குடுத்தாங்க, ஆனா இவரு போர்டுக்கு வந்துதான்னு பாக்கணும், வந்திருந்தாலும் சிஎஸ்எம் (பழைய முறைல பூட் பண்ற பயாஸ் ஆப்ஷன்) ஆஃப் பண்ணணும். சரி அதெல்லாம் பண்ணிட்டாருன்னே வெச்சுக்க, அடுத்தது டிரைவரு ப்ராசஸருக்கு ரொம்ப வேல குடுக்குது. பி580-ஐ பழைய ஆறு கோர் ப்ராசஸரோட போட்டா எஃப்பிஎஸ் (செகண்டுக்கு எத்தன ஃப்ரேம்) எப்டி எறங்குதுன்னு 2025 ஜனவரிலயே நெறய பேரு டெஸ்ட் பண்ணி காட்டிட்டாங்க, அப்பறம் டிரைவர்ல சில கேமுக்கு சரி பண்ணாங்க, முழுசா போவல. 190 வாட்டு வேற. புது ப்ராசஸர் வெச்சிருக்கறவங்க கேட்டா நானே பி580 சொல்லுவேன்.

ப்ளூடீம்_பாண்டி:
சரி 10400எஃப்-க்கு ஒத்துக்கறேன். எப்ப பாத்தாலும் எதிர்க்கட்சி மாதிரியே பேசுற.

மிஷன்வீதி_மேக்ஸ்:
கடலூர்க்காரரு பாண்டி வந்து வாங்குனா சீப்பா இருக்குமே, பார்டர் தாண்டினாலே எல்லாம் வெல கம்மிதான?

சிப்காட்_ஷிப்ட்:
இன்னா தலைவா, பெட்ரோலும் சரக்கும் சீப்புன்னா கிராபிக்ஸ் கார்டும் சீப்பா? அது ரெண்டும் ஜிஎஸ்டிக்கு வெளிய இருக்கு, அதான் ஸ்டேட்டுக்கு ஸ்டேட்டு வெல மாறுது. கார்டுக்கு கடலூர்லயும் 18 பர்சன்ட்டு பாண்டி நேரு வீதிலயும் 18 பர்சன்ட்டு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்லயும் 18 பர்சன்ட்டு. பில்லு இல்லாம தரேன்னு எவனாவது சொன்னா அதுதான் கம்மி வெல, வாரன்டிக்கு அவன் வீட்டு வாசல்ல போயி நிக்கணும்.

ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு பஸ் ஏறுறதும் இந்த ஒரு பொருளுக்காக வேணாம்னு நெனைக்கிறேன், போவ வர செலவு, சாப்பாடு, ஒரு நாள் சம்பளம் எல்லாம் கூட்டினா ஆன்லைன் வெலதான் வருது. ஆன்லைன்ல வாங்கினா பார்சல் பிரிக்கறத ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் ஒரே வீடியோவா எடுத்து வெச்சுக்கங்க.

நியான்_நைட்:
இருந்தாலும் 8 ஜிபி வாங்க சொல்றது தப்பு. புது கேமெல்லாம் அல்ட்ரா டெக்ஸ்சர்ல 8 ஜிபிய தாண்டிடுது.

பழைய_சிபியு:
இது நியாயமான பேச்சு, ஒதுக்க முடியாது. அல்ட்ரா வெச்சாதான் தாண்டுது, 1080பி-ல மீடியம் ஹை வெச்சா 8 ஜிபில இன்னிக்கும் ஓடுது. ஆனா இவரு சிஸ்டத்துல இன்னொரு சிக்கல் இருக்கு, அத யாரும் சொல்லல. 10400எஃப்-ல பிசிஐஇ (கார்டுக்கு டேட்டா போற ஸ்லாட்டு வழி) 3.0தான். 6600, 7600, 4060, 5060 எல்லாமே எட்டு லேன் கார்டு. 4.0 போர்டுல எட்டு லேன் போதும், 3.0-ல போட்டா ரோடு பாதியாயிடும். விராம், அதான் கார்டுக்குள்ள இருக்கற மெமரி, நெறையாத வரைக்கும் அஞ்சு பர்சன்ட்டு கூட தெரியாது. நெறஞ்சு வழிய ஆரம்பிச்சதுன்னா மிச்சத்த ராம்லேர்ந்து அந்த ரோட்டு வழியாதான் இழுக்கணும், அப்பதான் திக்கும். அதுலயும் இவருக்கு ராம் 8 ஜிபி ஒரே ஸ்டிக்கு. 6500 எக்ஸ்டின்னு ஒண்ணு 4 ஜிபில நாலே லேனோட விக்கிறாங்க, 3.0 போர்டு வெச்சிருக்கறவங்க அந்தப் பக்கமே போவாதீங்க.

அதனால என்ன கேட்டா இந்த சிஸ்டத்துக்கு செகண்ட் ஹேண்ட் ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி. பதினாறு லேன் முழுசா இருக்கு, 12 ஜிபி சட்டுனு நெறையாது, வேகம் 6600-ஓட ஏறக்கொறைய சமம், டிஎல்எஸ்எஸ் (கம்மி ரெசல்யூஷன்ல ஓட்டி படத்த பெருசாக்கி எஃப்பிஎஸ் ஏத்தற என்விடியா வசதி) வருது. தங்கச்சி பிளெண்டர்னு சொன்னாரே, அதுல என்விடியாவோட ஆப்டிக்ஸ் போட்டு ரெண்டர் பண்ணா ஏஎம்டி கார்டு பக்கத்துல நிக்காது. 2021 பிப்ரவரில வந்த கார்டு, பழசுதான், ஆனா இவருக்கு பொருந்துது.

லாஸ்பேட்_லேக்:
செகண்ட் ஹேண்ட்ல ஏஎம்டி ஆர்எக்ஸ் 580 8 ஜிபி ஆறாயிரத்துக்கு கெடைக்குதே, மிச்ச காசுல மானிட்டர் மாத்தலாம்?

ஃப்ரேம்டிராப்_ஃபாதர்:
வேணாம்பா. ரே டிரேசிங் கெடையாது, அவரு கேட்ட கேம் அதுலயும் தொறக்காது. ஏஎம்டி அந்தத் தலமொறைக்கு 2023 கடைசிலயே புது கேமுக்கு டிரைவர் செய்யறத நிறுத்தி, பாதுகாப்பு அப்டேட்டு மட்டும்னு ஆக்கிட்டாங்க. போதாக்கொறைக்கு 580னு விக்கிறதுல பாதி 2048எஸ்பி, அதாவது 570-க்கு 580 சட்ட போட்டு விடறது. ஜிபியு-இசட்ங்கற கார்டு விவரம் காட்டற சாஃப்ட்வேர் போட்டு ஷேடர்ஸ்ல 2304 இருந்தாதான் நெஜ 580.

இவரு 1050 டிஐ-யும் அதே கதைதான். என்விடியா அந்தத் தலமொறைக்கு கேம் டிரைவர் 2025 அக்டோபரோட முடிச்சிட்டாங்க, இனி 2028 அக்டோபர் வரைக்கும் பாதுகாப்பு அப்டேட்டு மட்டும்தான். ஆக மாறணும்னு நெனச்சது சரியான நேரந்தான். 6600-ஐயும் ஏஎம்டி 2025 கடைசில பராமரிப்பு லிஸ்ட்டுக்கு தள்ளறோம்னு சொல்லி, ஊரே சத்தம் போட்டதும் இல்ல இல்ல கைவிடலன்னு ஒரு வெளக்கம் குடுத்தாங்க. எனக்கு அந்த வெளக்கத்துல பெருசா நம்பிக்க இல்ல.

செம்மண்டலம்_ஸ்னைப்பர்:
அண்ணா வில்லியனூர்ல ஒருத்தர் 3060 விக்கிறாரு, 15 ஆயிரம் சொல்றாரு, ரெண்டு ஃபேன் மாடல், நீளம் 24 சென்டிமீட்டர், பில்லு இருக்காம் வாரன்டி முடிஞ்சுதாம். ஞாயித்துக்கெழம போலாம்னு இருக்கேன். என்னல்லாம் பாக்கணும்? நான் இதுவர செகண்ட் ஹேண்ட் எதுவுமே வாங்கினதில்ல, பயமா இருக்கு.

பழைய_சிபியு:
மொதல்ல ஃபோன்லயே ஜிபியு-இசட் ஸ்க்ரீன்ஷாட் கேளுங்க. மெமரி 12288 எம்பி, பஸ் 192 பிட்டுன்னு இருக்கணும். 3060-லயும் 8 ஜிபி 128 பிட்டுன்னு ஒரு குட்டி இருக்கு, 2022 கடைசில விட்டது, அதுக்கு இந்த வெலையும் கெடையாது நான் சொன்ன காரணமும் கெடையாது.

போன ஒடனே கார்ட கழட்டி கைல வாங்கிப் பாருங்க. சிஸ்டத்துக்குள்ள ஓடிக்கிட்டு இருக்கறத மட்டும் பாத்து பணம் குடுக்காதீங்க. நம்ம ஊருக்குன்னே ஒரு விஷயம் இருக்கு, உப்புக் காத்தும் வெள்ளமும். 2024 நவம்பர் கடைசில ஃபெஞ்சல் புயல் வந்தப்ப பாண்டில ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கமெல்லாம் வீட்டுக்குள்ள தண்ணி, தரைல வெச்சிருந்த சிஸ்டமெல்லாம் முங்குச்சு. அதுல சிலத காய வெச்சு தொடச்சு விக்கிறாங்க, ஓடவும் ஓடும், ஆறு மாசத்துல போயிடும். ஸ்லாட்டுல சொருகுற தங்கக் கலர் பல்லு வரிசைய டார்ச் அடிச்சுப் பாருங்க, பச்சையோ கருப்புப் புள்ளியோ இருந்தா கெளம்பி வந்துடுங்க. பின்பக்க தகடுல லேசா துரு இருந்தா பரவால்ல, கடலோரத்துல அது இல்லாத கார்டே இல்ல. ஹீட்சிங்க் தகடு நடுவுல வெள்ளையா பொடி பூத்திருந்தா, ஸ்க்ரூ தலையெல்லாம் சாப்புட்டு இருந்தா, போர்டுல சேறு கோடு மாதிரி தெரிஞ்சா வேணாம்.

அப்பறம் போட்டு ஓட விடுங்க. ஃபர்மார்க்ங்கற டெஸ்ட் சாஃப்ட்வேர் ஒரு பத்து நிமிசம், அதுக்கப்பறம் நெஜ கேம் ஒண்ணு அர மணி நேரம், ஏன்னா மெமரில கோளாறு இருந்தா ஃபர்மார்க்ல தெரியாம கேம்லதான் கலர் கலரா சதுரம் வரும். சூடு 80-க்குள்ள நிக்குதா, ஃபேன் ரெண்டும் சத்தமில்லாம சுத்துதா. ஹெச்டிஎம்ஐ ஒண்ணுலதான் காட்டுவாரு, டிஸ்ப்ளே போர்ட்டு ஒயரும் எடுத்துட்டுப் போயி ஒவ்வொண்ணா மாத்திப் பாருங்க. மைனிங்ல (கிரிப்டோ காசு எடுக்க ராப்பகலா) ஓடினதான்னு கேட்டா எவனும் ஆமான்னு சொல்ல மாட்டான். 2022 செப்டம்பர்ல எத்தீரியம் மைனிங் நின்னப்பவே அதெல்லாம் மார்க்கெட்டுக்கு வந்துடுச்சு, அதுக்கப்பறம் இத்தன வருசம் தாங்கியிருந்தா எனக்கு அது பெரிய கவலையா தெரியல. தெர்மல் பேஸ்ட்டு காஞ்சிருக்கும், மாத்திக்கலாம்.

மிஷன்வீதி_மேக்ஸ்:
பேரம் பேசுங்க ப்ரோ. வாரன்டி முடிஞ்ச கார்டுக்கு 15 கொஞ்சம் ஜாஸ்தி.

நெல்லிக்குப்பம்_நூப்:
1050 டிஐ-ய எனக்கு குடுத்துடுங்க அண்ணா, தம்பி சிஸ்டத்துக்கு வேணும் 😁

ஃப்ரேம்டிராப்_ஃபாதர்:
குடுக்காதீங்க. 10400எஃப்-ல அந்த எஃப் இருக்கே, அதுக்கு உள்ள டிஸ்ப்ளேவே கெடையாதுன்னு அர்த்தம். வாரன்டி இல்லாத கார்டு வாங்கப் போறீங்க, அது ஒரு நாள் மக்கர் பண்ணா ஸ்க்ரீன்ல எதுவும் வராது, கோளாறு கார்டுலயா போர்டுலயான்னு கூட கண்டுபுடிக்க முடியாது. 1050 டிஐ வித்தா மிஞ்சிப்போனா ரெண்டு மூணாயிரம் வரும், அத கவர்ல சுத்தி சிலிக்கா ஜெல் பாக்கெட்டு ஒண்ணு போட்டு பீரோல வெச்சிடுங்க.

மழைக்கால_மின்வெட்டு:
யூபிஎஸ் பத்தி யாரும் கேக்கலயே. வீட்டுல 600 விஏ வெச்சிருந்தா அது வழக்கமா 360 வாட்டுதான் குடுக்கும். 3060, ப்ராசஸர், மானிட்டர் எல்லாம் சேந்து கேம் ஓடறப்ப 300 பக்கம் போவும், பேட்டரி பழசா இருந்தா கரண்டு போன ஒடனே பீப்னு கத்திட்டு மொத்தமா ஆஃப் ஆயிடும். 1000 விஏ இல்லன்னா கரண்டு போனா கேம விட்டு வெளிய வந்துடற பழக்கம் வெச்சுக்கங்க. வீட்டு இன்வெர்ட்டர் லைன்ல சிஸ்டத்த சொருகி இருந்தா அது சைன் வேவ்தானான்னு பாருங்க, பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்ல நல்ல எஸ்எம்பிஎஸ் எல்லாம் மொரண்டு புடிக்கும்.

செம்மண்டலம்_ஸ்னைப்பர்:
வாங்கிட்டேன்!! 13,500-க்கு முடிஞ்சுது. அவரு நல்ல மனுசன், நான் டார்ச் அடிச்சு பாக்கறத பாத்து சிரிச்சிட்டு, ஃபெஞ்சல்ல எங்க தெருவுக்கு தண்ணி வரல தம்பின்னாரு. பல்லு சுத்தமா இருந்துச்சு, தகடுல மட்டும் லேசா துரு. கேம்ல 76 டிகிரி. எஸ்எம்பிஎஸ் 550 வாட்டு பிரான்ஸ் புதுசு 4,400. ராம்தான் கொடும, போன வருசம் பாத்த வெல இப்ப இல்ல, டிடிஆர்4 கூட எக்கச்சக்கமா ஏறிடுச்சு, அதனால ஃப்ரெண்டு ஒருத்தன் கழட்டி வெச்சிருந்த 8 ஜிபி ஸ்டிக்க 2,500-க்கு வாங்கிட்டேன். மொத்தம் 20,400.

சைபர்பங்க் 1080பி ஹை, டிஎல்எஸ்எஸ் குவாலிட்டி, ரே டிரேசிங் ஆஃப், 75-லயே நிக்குது. இண்டியானா ஜோன்ஸும் தொறந்துடுச்சு.

ஒரே பிரச்சன, விண்டோஸ் 11-க்கு மாறலாம்னு பயாஸ்ல சிஎஸ்எம் ஆஃப் பண்ணா பூட் ஆவ மாட்டேங்குது, திரும்ப ஆன் பண்ணா ஓடுது. கார்டு கோளாறா?

ஃப்ரேம்டிராப்_ஃபாதர்:
கார்டு இல்ல, டிஸ்க்கு. உங்க விண்டோஸ் 10 எம்பிஆர்ங்கற பழைய டிஸ்க்கு முறைல போட்டிருக்கு, சிஎஸ்எம் இல்லாம பூட் ஆவ ஜிபிடிங்கற புது முறை வேணும். விண்டோஸ்லயே எம்பிஆர்2ஜிபிடின்னு ஒரு டூல் இருக்கு, டேட்டா அழியாம மாத்திக் குடுக்கும், இருந்தாலும் முக்கியமானத வெளிய காப்பி எடுத்துட்டு பண்ணுங்க. மாத்தினதுக்கு அப்பறம் சிஎஸ்எம் ஆஃப், செக்யூர் பூட் ஆன், இன்டெல் பிடிடி (டிபிஎம் பாதுகாப்பு) ஆன். விண்டோஸ் 11-ல வேலரன்ட் ஓட அதெல்லாம் எப்படியும் வேணும்.

பழைய_சிபியு:
நல்ல வெலதான் தம்பி. ஆஃப்டர்பர்னர்ங்கற சாஃப்ட்வேர் போட்டு பவர் லிமிட்ட 80 பர்சன்ட்டுக்கு எறக்கி வைங்க, எஃப்பிஎஸ் கொஞ்சந்தான் கொறையும், சூடும் சத்தமும் நல்லா கொறையும், மே மாசத்துல ஏசி இல்லாத ரூம்ல அது ஒதவும். மானிட்டர் 75 ஹெர்ட்ஸ்தான், அதனால எஃப்பிஎஸ்ஸயும் 75-ல கட்டி வெச்சுக்கங்க. கேபினட்ட தரைலேர்ந்து ஒரு ஸ்டூல் மேல ஏத்திடுங்க. மிச்சம் நாலாயிரத்து சொச்சம் இருக்குல்ல, அதுல ஒரு எஸ்எஸ்டி பாருங்க, ஹார்டு டிஸ்க்குலதான கேம் வெச்சிருக்கீங்க?

செம்மண்டலம்_ஸ்னைப்பர்:
ஆமாண்ணா ஹார்டு டிஸ்க்குதான். எஸ்எஸ்டி வெலையும் ஏறிக்கிட்டே இருக்கு, அதுக்கு தனியா ஒரு இழை போடறேன்.